எழுதுகிற கை ஒன்றாக இருக்கட்டும்

“இந்தக் கோப்பு இதைவிடப் புதிய பதிப்பில் சேமிக்கப்பட்டது. இந்தப் பதிப்பில் திறக்க இயலாது.”

பதினான்கு ஆண்டுக் குடும்பக் கணக்கு அந்தக் கோப்புக்குள் இருந்தது. முந்தின இரவு வரை அதே கணினியில், அதே மென்பொருளில் திறந்து எழுதிய கோப்பு. இடையில் நான் செய்தது ஒன்றுதான். புதிய பதிப்பை நிறுவி, எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக அதில் ஒருமுறை திறந்தேன். ஒரு வரிகூட எழுதவில்லை. பார்த்துவிட்டு மூடினேன். மூடும்போது அது தானாகவே கோப்பைத் தன் வடிவத்துக்கு மாற்றிச் சேமித்துக்கொண்டது. மறுநாள் பழைய பதிப்பைத் திறந்தால் மேலே சொன்ன இரண்டு வரிகள்.

நான்கு நாள் பழைய காப்பு நகல் ஒன்று இருந்தது. அந்த நான்கு நாள் வரவு செலவை ரசீதுகளைப் பார்த்து மறுபடி எழுதினேன். இழப்பு என்று பார்த்தால் ஒரு மாலைப் பொழுதுதான். ஆனால் அந்த இரண்டு வரிகளைப் பார்த்தபோது வயிற்றில் விழுந்த குளிர் இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து ஓட்டினேன். அந்த ஒன்றரை ஆண்டில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

புதியது வந்தால் மாறிவிட வேண்டியதுதானே, எதற்கு இரண்டு என்று கேட்கலாம். கடிதம் எழுதும் மென்பொருளாக இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். பழைய கடிதத்தில் ஒரு வரி இடம் மாறித் தெரிந்தாலும் கடிதம் கடிதம்தான். கணக்கு அப்படியல்ல. இன்று திரையில் தெரியும் இருப்பு, பதினான்கு ஆண்டுக்கு முன் எழுதிய முதல் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்து வந்து நிற்கும் எண். நடுவில் எங்கோ ஒரு பதிவு விடுபட்டாலும் திரை அதைச் சொல்லாது. வேறோர் எண்ணை அதே நம்பிக்கையோடு காட்டும். புதிய பதிப்பு காட்டும் எண்ணைச் சரிபார்க்க என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி பழைய பதிப்புதான். சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு விசாரணை நடத்த முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகை மென்பொருள்களுக்கு ஆயுள் குறைவு. நம் கணக்குக்கு ஆயுள் அதிகம். மைக்ரோசாப்ட் மனி 1991-இல் வந்தது, 2009-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் தங்கள் கோப்புகளைத் தொடர்ந்து திறக்க வேண்டும் என்பதற்காக, இணையம் வழி உறுதிப்படுத்தத் தேவையில்லாத ‘சன்செட்’ என்ற கடைசிப் பதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். அது நல்ல காரியம். எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. 1980-களிலிருந்து இருக்கும் குயிக்கனை இன்ட்யூட் நிறுவனம் 2016-இல் கைமாற்றியது. அதன் பின் அது சந்தா முறைக்குப் போய்விட்டது. ஒரு வீட்டுக்கடன் முடிவதற்கு இருபது ஆண்டு ஆகலாம். அந்த இருபது ஆண்டுக்குள் மென்பொருளின் உரிமையாளர், கோப்பின் வடிவம், கட்டண முறை எல்லாம் மாறிவிடக்கூடும். பழையதும் புதியதும் கொஞ்ச காலம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டம் எல்லோருக்கும் ஒருநாள் வரும்.

கோப்பு ஏன் ஒருவழிப் பாதையாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். புதிய பதிப்பில் புதிய வசதிகள் வருகின்றன. அவற்றைச் சேமிக்கக் கோப்பில் புதிய இடங்கள் தேவைப்படுகின்றன. அந்த இடங்களில் என்ன இருக்கிறது என்று பழைய பதிப்புக்குத் தெரியாது. தெரியாததை விட்டுவிட்டு மீதியைத் திறந்து, பிறகு சேமித்தால், தெரியாதவை எல்லாம் அழிந்துபோகும். அதனால் நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் திறக்கவே மறுக்கிறது. க்னூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருள் இதை வெளிப்படையாகவே செய்கிறது. கோப்பு எந்தெந்தப் புது வசதிகளைப் பயன்படுத்துகிறது என்ற பட்டியலைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் தனக்குத் தெரியாத பெயர் இருந்தால் பழைய பதிப்பு, ‘இதில் எனக்குத் தெரியாத வசதிகள் இருக்கின்றன’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. அன்று எனக்கு வந்த மறுப்பும் இந்த வகைதான். அது என் கணக்கைக் காப்பாற்றிய மறுப்பு. மறுக்காமல் திறந்து, அரைகுறையாகக் காட்டி, அதையே சேமித்திருந்தால் அதுதான் பேராபத்து.

ஆகவே முதல் ஏற்பாடு எளிது. இரண்டு பதிப்புக்கும் இரண்டு கோப்புறை, இரண்டு நகல். கோப்பின் பெயரிலேயே ‘பழையது’, ‘புதியது’ என்று எழுதினேன். இதைவிட முக்கியம், கோப்பின் மேல் இரட்டைச் சொடுக்குப் போடும் பழக்கத்தை விட்டது. கடைசியாக நிறுவிய பதிப்புதான் பெரும்பாலும் அந்தச் சொடுக்கைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் பழைய கோப்பின் மேல் சொடுக்குவீர்கள். திறப்பது புதிய பதிப்பு. முதலில் மென்பொருளைத் திறந்து, அதற்குள்ளிருந்து கோப்பைத் திறப்பதுதான் பாதுகாப்பு. சில மென்பொருள்களில் புதியதை நிறுவும்போதே பழையது நீக்கப்பட்டுவிடும். அமைப்புகளைச் சேமிக்கும் இடமும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தால் ஒன்றின் அறிக்கை அமைப்புகளை மற்றது மாற்றிவிடும். இதற்கெல்லாம் சேர்த்து நான் கண்ட வழி, பழைய பதிப்பை ஒரு மெய்நிகர் கணினிக்குள் குடிவைத்தது. கணினிக்குள் ஒரு கணினி; அதற்குள் பழைய இயங்குதளம், பழைய பதிப்பு, பழைய கோப்பு. வெளியே நான் என்ன நிறுவினாலும் உள்ளே ஒரு துரும்பும் அசையாது.

இவ்வளவும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். தவறு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் இருவருமே கணக்கு எழுதுவோம். புதிய பதிப்பு அவருடைய கணினியில், பழையது என்னுடையதில். எந்தச் செலவானாலும் இரண்டிலும் எழுதிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். கேட்கும்போது ஒழுங்கான ஏற்பாடாகத்தான் தோன்றியது. ஐந்து வாரம் கழித்து மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சேமிப்புக் கணக்கில் 270 வித்தியாசம். கிரெடிட் கார்டில் 1,248 வித்தியாசம்.

“உங்களுடையது சரியா, என்னுடையது சரியா?” என்று அவர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டுமே மூலம், இரண்டுமே நகல். எதை வைத்து எதைத் திருத்துவது?

வித்தியாசத்தைத் தேடுவதற்குக் கணக்கர்கள் காலங்காலமாகச் சொல்லும் இரண்டு வழிகள் உண்டு. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். இரண்டால் வகுத்துப் பார்த்து, அந்தப் பாதித் தொகையில் ஒரு பதிவு இருந்தால், அது கூட்டல் கழித்தல் மாறி எழுதப்பட்டிருக்கலாம். 270 ஒன்பதால் வகுபடும். முப்பது முறை போகும். பத்தின் இடமும் நூறின் இடமும் மாறியிருக்க வேண்டும், அந்த இரு இலக்கங்களுக்கும் இடையே மூன்று வேறுபாடு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பதிவைத் தேடினோம். பதினோராம் தேதி, 630 என்று அவர் எழுதியதை நான் 360 என்று எழுதியிருந்தேன். அடுத்து 1,248. பாதி 624. திருப்பிக் கொடுத்த பொருளுக்கு வரவாக வந்த 624-ஐ ஒருவர் வரவாகவும், இன்னொருவர் செலவாகவும் எழுதியிருந்தோம். இரண்டையும் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. இந்தக் குறுக்குவழி தெரியாமலிருந்தால் இரவு முழுவதும் ஆகியிருக்கும்.

ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் ஒன்று தெளிவாயிற்று. நாங்கள் பதிப்புகளைச் சோதிக்கவில்லை. எங்கள் விரல்களைச் சோதித்துக்கொண்டிருந்தோம். கையால் இரண்டு முறை எழுதினால் மனிதத் தவறுதான் வெளியே வரும். மென்பொருளின் தவறு அதற்குள் ஒளிந்துகொள்ளும். பதிப்புகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் உள்ளே போவது ஒரே எழுத்தாக இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எழுதுவது ஒன்றில் மட்டும். முதல் ஆறு மாதம் பழையதில் மட்டும் எழுதினோம். மாதம் ஒருமுறை அதன் நகலைப் புதிய பதிப்புக்குக் கொடுத்து மாற்றச் சொல்லி, அது காட்டும் எண்களை ஒப்பிட்டோம். ஒப்பிட்டபின் அந்த நகலை அழித்துவிட்டோம். புதியதில் ஓர் எழுத்தும் எழுதுவதில்லை. ஒப்பிட்டது ஒத்துப்போன பிறகு, ஒரு மாதத்தின் முதல் நாள், பழையதைப் பூட்டிவிட்டுப் புதியதில் எழுதத் தொடங்கினோம். எழுதுகிற கை எப்போதும் ஒன்று. படிக்கிற கண் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும்.

இந்த விதியை மென்பொருளின் அமைப்பிலேயே வைத்தவர்கள் இருக்கிறார்கள். 2003-இல் ஜான் வீக்லி எழுதிய லெட்ஜர் என்ற நிரல், கணக்கை வெறும் உரைக் கோப்பாக வைத்துக்கொள்கிறது. நாம் எந்த எழுது மென்பொருளில் வேண்டுமானாலும் எழுதலாம். நிரல் அதைப் படித்து அறிக்கை மட்டும் கொடுக்கும், கோப்பைத் தொடாது. அதே பாணியில் பிறகு வந்த எச்-லெட்ஜர், பெரும்பாலும் அதே கோப்பையே படித்துவிடும். அங்கே பழைய பதிப்பு, புதிய பதிப்பு, வேறொருவர் எழுதிய நிரல் மூன்றையும் ஒரே கோப்பின் மேல் ஒரே நேரத்தில் ஓட்டலாம். யாரும் யாருடைய காலையும் மிதிக்க மாட்டார்கள், ஏனென்றால் அறிக்கை எடுக்கும்போது அவற்றில் எதுவும் கோப்பில் எழுதுவதில்லை. எல்லோருக்கும் உரைக் கோப்பில் கணக்கு எழுதுவது ஒத்துவராது, எங்கள் வீட்டிலும் ஒத்துவரவில்லை. ஆனால் அந்த அமைப்பு எதைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்பதை மதிக்கிறேன்.

ஒப்பிடுவது என்றால் எதை ஒப்பிடுவது? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். இன்றைய இருப்பு இரண்டிலும் ஒன்று என்றால் போதும் என்று தோன்றும். போதாது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு இன்றைய எண்ணைச் சரியாகக் காட்டலாம். ஒவ்வோர் ஆண்டின் கடைசி நாளிலும் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு செலவுத் தலைப்பின் ஆண்டு மொத்தத்தையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு வங்கிக் கணக்குகள் பதினான்கு ஆண்டும் எண்ணுக்கு எண் பொருந்தின. செலவுத் தலைப்புகளில் மட்டும் ஏழாம் ஆண்டில் ‘மருத்துவம்’ பெருத்திருந்தது, ‘காப்பீடு’ இளைத்திருந்தது. உட்தலைப்பு ஒன்றின் பெயர் இரண்டு இடத்தில் ஒன்றாக இருந்ததால், மாற்றும்போது புதிய பதிப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பணம் எங்கும் போகவில்லை. ஆனால் எதற்காகச் செலவானது என்ற உண்மை போய்விட்டது. வங்கியோடு எத்தனை முறை சரிபார்த்தாலும் இது அகப்படாது, ஏனென்றால் வங்கிக்கு நம் தலைப்புகள் தெரியாது.

ஒரு பரஸ்பர நிதியில் இன்னொரு வித்தியாசம்: 0.011 அலகு. எட்டு ஆண்டு மாதத் தவணை, 96 முறை வாங்கியது. பழைய பதிப்பு அலகுகளை நான்கு தசம இடம் வரை வைத்திருந்தது. புதியது மூன்றாக முழுமையாக்கியது. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத துளி. 96 துளி சேர்ந்தால் தெரிகிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்கவில்லை. துளி சிந்த இன்னொரு வழியும் உண்டு. கணினி எண்களை 0, 1 மட்டும் கொண்ட இரும எண்களாக வைத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்று என்ற எளிய பின்னத்தைக்கூட இரும முறையில் முடிவுள்ள எண்ணாக எழுத முடியாது. அதனால்தான் பொறுப்பாக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் தொகையை அப்படி இருமப் புள்ளி எண்ணாக வைக்காமல், மிகச் சிறிய காசின் எண்ணிக்கையாகவோ, இரண்டு முழு எண்களின் பின்னமாகவோ வைத்துக்கொள்ளும். க்னூகேஷின் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் 125.50 என்ற தொகை 12550/100 என்று எழுதப்பட்டிருக்கும். அந்தச் சாய்கோட்டைப் பார்க்கும்போது, எழுதியவருக்கு நம் காசின் மேல் அக்கறை இருந்திருக்கிறது என்று தோன்றும். எங்கள் புதிய பதிப்பில் தசம இடத்தைக் கூட்டும் அமைப்பு இருந்தது. அதை மாற்றிவிட்டு மறுபடி நகலைக் கொடுத்தபோது வித்தியாசம் மறைந்தது.

வேறொரு மென்பொருளுக்கே மாறுகிறவர்களுக்கு, ஒன்றிலிருந்து எடுத்து மற்றதற்குக் கொடுக்கும் இடைநிலைக் கோப்பு என்ற கூடுதல் சங்கடம் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். அப்படிப்பட்ட கோப்புகளில் பழைய க்யூஐஎஃப் (QIF) வடிவம் வெறும் உரை: தேதிக்கு ஒரு வரி, தொகைக்கு ஒரு வரி, பெற்றவர் பெயருக்கு ஒரு வரி, பதிவின் முடிவில் ^ என்ற குறி. தேதியில் நாள் முதலிலா மாதம் முதலிலா என்று கோப்பில் சொல்லியிருக்காது. 03/04 என்பதை ஏப்ரல் 3 என்றும் படிக்கலாம், மார்ச் 4 என்றும் படிக்கலாம். பதிவுக்கு அடையாள எண் கிடையாது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பணம் இரண்டு கணக்கின் கோப்பிலும் இருக்கும், இரண்டையும் உள்ளே எடுத்தால் இரட்டிப்பாகும். 1997-இல் வந்த ஓஎஃப்எக்ஸ் (OFX) வடிவத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் வங்கி தரும் அடையாள எண் இருப்பதால், ஒரே கோப்பை இரண்டு முறை கொடுத்தாலும் மென்பொருள் கண்டுகொள்ளும். வங்கியிலிருந்து இந்தக் கோப்பை ஒருமுறை இறக்கி, அதே கோப்பை இரண்டு பதிப்புக்கும் கொடுப்பது நல்ல சோதனை. இரண்டையும் தனித்தனியாக வங்கியோடு இணைக்க வேண்டாம்.

பொருந்தாதவற்றை ஓரிடத்தில் ஒதுக்கிவைக்க அனாமத்துக் கணக்கு என்று ஒன்று கணக்கியலில் உண்டு. மாற்றம் முடிந்ததும் சில மென்பொருள்கள் தாமாகவே அப்படி ஒன்றைத் திறந்து, வித்தியாசத்தை அதில் போட்டுவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டதாகக் காட்டும். புதிய பதிப்பில் நீங்கள் திறக்காத தலைப்பு ஏதாவது தெரிந்தால் முதலில் அதற்குள் பாருங்கள்.

பழைய பேரேட்டை முடித்துப் புதியதைத் தொடங்குவது கணினிக்கு முன்பே இருந்த வேலை. 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி, இதற்கென்றே வழி சொல்லியிருக்கிறார். இருவர் உட்கார வேண்டும். ஒருவர் கையில், வரவு செலவை நாள்வாரியாக எழுதிய நாளேடு. மற்றவர் கையில், அவற்றையே கணக்குவாரியாகப் பிரித்து எழுதிய பேரேடு. ஒருவர் ஒவ்வொரு பதிவாகக் கூப்பிட, மற்றவர் தேடிப் பார்த்து, இருக்கும் பதிவின் பக்கத்தில் புள்ளி வைக்க வேண்டும். முடித்த பிறகு புள்ளி இல்லாத பதிவு எங்காவது இருந்தால் அங்கே தவறு. நாங்கள் ஆண்டுக் கடைசி இருப்புகளை ஒப்பிட்டது இப்படித்தான். நான் பழையதிலிருந்து எண்ணை வாசிப்பேன். அவர் புதியதில் பார்த்து, அச்செடுத்த தாளில் புள்ளி வைப்பார். ஒரு வார இறுதியில் முடிந்தது. தனியாகச் செய்தால் கண் தான் எதிர்பார்ப்பதையே பார்க்கும். இன்னொருவர் குரல் வந்தால் அது நடக்காது.

எவ்வளவு காலம் இரண்டையும் ஓட்டுவது? மூன்று மாத வங்கிப் பட்டியல் இரண்டிலும் பொருந்த வேண்டும், ஓர் ஆண்டுக் கடைசி நடுவில் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஆண்டுக் கடைசி முக்கியம். வட்டி, ஈவுத்தொகை, வரி என்று அன்றாடம் வராத பதிவுகள் அப்போதுதான் வரும். அதற்கு மேல் இரண்டிலும் தொடர்வது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். ஆனால் எழுதுவதை நிறுத்துவது வேறு, தூக்கிப் போடுவது வேறு. பழைய பதிப்பின் நிறுவல் கோப்பு, உரிம எண், கடைசி நகல் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தேன். எல்லாப் பதிவுகளையும் சாதாரண உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்தும் வைத்தேன். மெய்நிகர் கணினியை அப்படியே வைத்திருக்கிறேன்.

அதை வைத்திருந்ததற்குப் பலன் சென்ற மாதம் கிடைத்தது. வைப்புத்தொகை ஒன்று முதிர்ந்தது. அதை என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டே என் மனைவி புதிய பதிப்பில் அந்தப் பதிவைத் திறந்தார். குறிப்புப் பகுதியில், “புதுப்பித்தது. இதில் பாதி” என்று மட்டும் இருந்தது. வாக்கியம் அங்கேயே நின்றது. எழுதியது நான்தான், ஒன்பது ஆண்டுக்கு முன். என்ன எழுத வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

பழையதைத் திறந்தேன். மெய்நிகர் கணினி எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆயிற்று. தேதியைத் தேடிப் போனால் குறிப்பு முழுதாக இருந்தது: “புதுப்பித்தது. இதில் பாதி அக்காவுடையது. கேட்க மாட்டாள், முதிர்ந்ததும் நாமே கொடுத்துவிட வேண்டும்.”

எண்கள் அத்தனையையும் ஒப்பிட்டிருந்தோம். எழுத்துகளை ஒப்பிடவில்லை. புதிய பதிப்பு குறிப்பை ஓரளவுக்கு மேல் வெட்டிவிட்டிருக்கிறது. அக்காவுக்கு அன்று மாலையே பணத்தை அனுப்பினோம். பிறகு உரைக் கோப்பைத் திறந்து, வெட்டுப்பட்டிருக்கக்கூடிய நீளமான குறிப்புகளை எல்லாம் பிரித்தெடுத்தோம். மொத்தம் 214. அவர் பழையதிலிருந்து வாசிக்க, நான் புதியதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று 90-ஆவது குறிப்பில் நிறுத்தினோம்.